நான் கடிபட்டது நம் கொல்லையில் அல்ல

கண்ணு,

உன் கடிதம் வியாழக்கிழமை மத்தியானம் வந்தது. முதல் ஷிப்ட் முடித்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றே படித்தேன். புனேயில் குளிர் ஆரம்பித்துவிட்டது, மெஸ்ஸில் இரண்டு வேளையும் சப்பாத்திதான், அறையில் கூட இருக்கும் தார்வாடுக்காரன் நல்லவன் என்றெல்லாம் எழுதியிருந்தாய். அது வரைக்கும் சிரித்துக்கொண்டேதான் படித்தேன். கடைசிப் பக்கத்தில் அப்பாவுக்கென்று நாலு வரி. "கொல்லையில புல்லை மாசத்துக்கு ரெண்டு தடவை ஆள் விட்டு வெட்டிருங்க. அன்னிக்கு அம்மா சொன்னப்பவே நான் வெட்டியிருந்தா அம்மா கால் இப்படி ஆயிருக்காது. அதை நினைச்சு நினைச்சுத்தான் மூணு வருஷம் நான் எங்கயும் போகல." இதைப் படித்துவிட்டு உங்கப்பா தலையை ஆட்டிக்கொண்டு, நாளைக்கே ஆள் பார்க்கிறேன் என்றார். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

மூன்று வருஷமாக நீ இதைச் சுமந்துகொண்டு திரிந்தாய் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதிவிட்டேன், ஆனால் கொஞ்சம் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தும் தெரியாததுபோல இருந்தேனா, அல்லது உண்மையிலேயே கவனிக்கவில்லையா என்று இப்போது யோசித்தால் எனக்கே பிடிபடவில்லை. எது எப்படியோ, ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கடிபட்டது நம் கொல்லையில் அல்ல. மல்லிகைச் செடிக்கு அடியில் எந்தப் பாம்பும் இல்லை. நீ புல் வெட்டியிருந்தாலும் வெட்டாமல் விட்டிருந்தாலும் அன்றைக்கு என்னைக் கடித்திருக்கும். நான் ஏரிக்குப் பின்னால் இருக்கிற புதர்க்காட்டில் ஓடிக்கொண்டிருந்தேன். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடுவதுபோல அல்ல, கண்ணு. பந்தயத்துக்கு ஓடுகிறவர்கள் மாதிரி ஓடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் கம்பெனியில் குடும்ப தினம் நடத்தினார்களே, நீ டிப்ளமோவில் சேர்ந்த வருஷம், நினைவிருக்கிறதா? பெண்களுக்கு ஓட்டப்பந்தயம் என்று மைக்கில் கூப்பிட்டார்கள். செப்புக் கம்பியில் காயில் சுற்றுகிற எங்கள் செக்‌ஷனில் யாரும் எழுந்திருக்கவில்லை. நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் நின்றேன். நான் பிறந்த ஹனூரில் பள்ளிக்கூடத்து நாளில் ஓடியதற்குப் பிறகு அன்றுதான் ஓடினேன். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர்களெல்லாம் பின்னால் நின்றுவிட்டார்கள். எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தவர், நம் நிறுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், "மீசை முளைச்ச பையன் இருக்கிற வீட்டுல இதெல்லாம் வேண்டாம், கேட்டியா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். நீ எதிர்ச் சீட்டில் தலையைக் குனிந்துகொண்டாய். அவ்வளவுதான் நடந்தது. வேறு யாராவது கேட்டால் இதில் என்ன இருக்கிறது என்பார்கள். எனக்கும் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரியாது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியும்போது நான் ஏரிக்கரையில் நின்றேன்.

ஞாயிறு காலையில் நான் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே பால் வாங்கி வருவேன் என்றுதானே நீங்கள் இருவரும் நினைத்திருந்தீர்கள். சேலைக்குள் உன் பழைய டிராக் பேண்ட்டைப் போட்டிருப்பேன். ஏரிக்கரை முனியப்பன் கல்லுக்குப் பின்னால் சேலையை அவிழ்த்து மடித்து ஒயர் கூடையில் வைத்துவிட்டு, உங்கப்பாவின் முழுக்கைச் சட்டையோடு, நீ பள்ளிக்கூடத்தில் போட்டுத் தேய்த்த கேன்வாஸ் ஷூவோடு ஓடுவேன். ஏரியைச் சுற்றிக்கொண்டு போய், கல் உடைக்கிற இடத்தைத் தாண்டி, புதருக்குள் போகிற ஒற்றையடிப் பாதையில் ஏறி இறங்கித் திரும்பி வருவேன். இரண்டு வருஷம் இப்படி ஓடினேன். யாருக்கும் தெரியாது. அந்த ஒரு மணி நேரம் எனக்கு எப்படி இருந்தது என்று உனக்கு எழுத நாலைந்து முறை முயன்று அடித்துவிட்டேன். மூச்சு நன்றாக வரும், அவ்வளவு மட்டும் எழுதுகிறேன்.

கடிபட்ட அன்றைக்கு முந்தின நாள்தான் ஐப்பசி மழை விட்டிருந்தது. பாதையெல்லாம் ஈரச் சருகு. இறக்கத்தில் வேகமாக வரும்போது கணுக்காலுக்கு மேலே முள் குத்தினாற்போல இருந்தது. இரண்டு எட்டு போன பிறகுதான் குக்கரில் ஆவி போகிறமாதிரி ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். தடியான உடம்பு, முதுகு நெடுகச் சங்கிலிபோல வட்டம் வட்டமாக. நான் காட்டோர ஹனூர்க்காரி, கண்ணு. கண்ணாடி விரியனை எனக்கு யாரும் காட்டித்தர வேண்டியதில்லை. அது அவசரமே இல்லாமல் சருகுக்குள் போயிற்று. நான் கத்தினேனா என்பதுகூட நினைவில்லை. என் கத்தலைக் கேட்டுத்தான் வந்திருப்பாள் போலிருக்கிறது, புல் அறுத்துக்கொண்டிருந்த மாதம்மா என்ற ஒருத்தி அரிவாளோடு ஓடி வந்தாள். "ஏனாய்த்து அக்கா?" என்று கன்னடத்தில் கேட்டாள், என்ன ஆயிற்று என்று. பாம்பு என்றதும் என் தோளைப் பிடித்து அமுக்கினாள். "கூத்கொள்ளி! ஓட பேடி!" உட்காரு, ஓடாதே என்று அவள் சொன்னது இப்போதும் காதில் கேட்கிறது. கல் உடைக்கிற இடத்தில் டிராக்டர் நிற்கிறது, இப்போதே கூட்டி வருகிறேன், நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்றாள்.

டிராக்டர் அங்கேதான் நின்றது, கண்ணு. எனக்கும் தெரிந்தது. ஏறி உட்கார்ந்திருந்தால் அரை மணியில் ஆஸ்பத்திரி. நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். டிராக் பேண்ட். ஷூ. உங்கப்பாவின் சட்டை. இப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனால் எல்லோரும் பார்ப்பார்களே என்று தோன்றியது. நம்புவாயா, அதற்கு மேல் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. "வேண்டாம், வீடு பக்கத்துலதான்" என்று அவளிடம் சொல்லிவிட்டு ஓடினேன். விஷம் ஏறுகிற காலோடு ஒன்றரை மைல் ஓடினேன். அவள் பின்னாலேயே கொஞ்ச தூரம் கத்திக்கொண்டு வந்தாள், பிறகு நின்றுவிட்டாள். முனியப்பன் கல்லுக்குப் பின்னால் போய் ஷூவைக் கழற்றி ஏரியில் எறிந்தேன். கூடையிலிருந்து சேலையை எடுத்து, சட்டையைக் கழற்றி அதில் திணித்துவிட்டு, கால் அதற்குள் குடம்போல வீங்கிக்கொண்டிருக்க, நின்று கொசுவம் வைத்தேன். முதல் தடவை சரியாக வரவில்லை என்று அவிழ்த்து மறுபடி வைத்தேன். எட்டு மடிப்பு. என் கை நடுங்கவில்லை என்பதுதான் இன்று வரைக்கும் எனக்குப் புரியாத விஷயம்.

பின்பக்கச் சந்து வழியாக வந்ததால் கொல்லைக் கதவு. அதைத் திறந்து மல்லிகைச் செடி வரைக்கும்தான் வர முடிந்தது. நீ பல் துலக்கிக்கொண்டே ஓடி வந்தாய். "என்னம்மா? ஏன்மா?" என்றாய். வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன். "பூப் பறிக்க வந்தஞ் சாமி. என்னமோ கடிச்சுருச்சு." "எப்போ?" "இப்பத்தான்." நீ பிரஷ்ஷை அப்படியே போட்டுவிட்டு உங்கப்பாவை எழுப்பினாய். இருவருமாக மொபெட்டில் என்னை நடுவில் உட்காரவைத்து ஓட்டினீர்கள். வழியெல்லாம் நீ பேசிக்கொண்டே வந்தாய். "போன வாரமே வெட்டச் சொன்னியேம்மா, நான்தான் மேட்ச் பார்த்துட்டு உட்கார்ந்துட்டேன்" என்றாய். நான் உன் முதுகில் சாய்ந்திருந்தேன். வாயில் உப்புக் கரித்தது. ஈறிலிருந்து ரத்தம் வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு நிற்கவைத்தார். இருபது நிமிஷம் ஆகியும் உறையவில்லை, தண்ணீர்போல ஆடியது. முழங்காலுக்கு மேலே வீங்கியிருந்த காலைப் பார்த்துவிட்டு, "எஷ்டு ஹொத்தாய்த்து?" என்றார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று மூன்று தடவை கேட்டார். அரை மணிதான் என்று மூன்று தடவையும் சொன்னேன். அரை மணியில் இவ்வளவு வீங்காதே என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டதும் கேட்டது. அவரைக் குழப்பினேன், கண்ணு. என்னைப் பிழைக்கவைக்க நின்ற மனிதரிடம் கணக்கு மாற்றிச் சொன்னேன். விஷமுறிவு மருந்து ஏற ஆரம்பித்ததும் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வந்து குளிரில் தூக்கிப் போட்டது. இத்தனை வருஷம் பேசிய கன்னடமெல்லாம் எங்கே போயிற்றோ, "கண்ணாடி, கண்ணாடி" என்றே சொல்லிக்கொண்டிருந்தேனாம். விரியன் என்ற சொல் வாயில் வரவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மாள் நான் முகம் பார்க்கக் கேட்கிறேன் என்று நினைத்து ஒரு கைக்கண்ணாடியைக் கொண்டுவந்து நீட்டினாள். அதில் கண் மூடி வீங்கிப் பல்லெல்லாம் ரத்தமாக ஒருத்தி தெரிந்தாள். இவள் யார், இவளுக்கு ஏன் என் கண்ணாடியைக் கொடுத்தீர்கள் என்று சண்டை போட்டேன்.

நர்ஸுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. டாக்டர் வருவதற்கு முன்னாலேயே அவள் சேலையை விலக்கியதும் உள்ளே டிராக் பேண்ட். உங்கள் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கத்தரியால் அதை வெட்டி எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஒன்றும் கேட்காமல் பேப்பரில் சுற்றி எடுத்துப் போனாள். ஒன்பது நாள் கழித்து வீட்டுக்குக் கிளம்பும்போது, சிறுநீர் நன்றாகப் போகிறதா என்று கேட்டுவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில், "தினமும் ஓடுவீங்களா, ஞாயிறு மட்டுமா?" என்று கன்னடத்தில் கேட்டாள். ஞாயிறு மட்டும் என்றேன். உண்மையைச் சொன்னதில் அழுகை வந்துவிட்டது. வலியால் அழுகிறேன் என்று நீ என்னைத் தாங்கிக்கொண்டாய்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்ததுபோல உனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு ராஜண்ணா மதில் ஓரம் அடுக்கிவைத்திருந்த செங்கலும் விறகும்தான் பாம்புக்கு இடம் கொடுத்தது என்று உங்கப்பா போய்ச் சத்தம் போட்டார். பத்து வருஷப் பழக்கம். நம் வீட்டுச் சாவி அவர்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கும். நான் ஜன்னலோரக் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ராஜண்ணா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவரும் அவர் சம்சாரம் சரோஜக்காவும் அன்று சாயங்காலமே ஒவ்வொரு செங்கலாகச் சுமந்து முன்பக்கம் கொண்டுபோனார்கள். விறகைக் கலைத்தபோது ஒரு பாம்பு வந்தது. நீயும் அப்பாவும் அடித்தீர்கள். உங்கப்பா மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர், அவருக்கு எல்லாப் பாம்பும் ஒன்றுதான். கழியில் தொங்கவிட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று காட்டி, "இதுதானே?" என்றார். அது சாரைப்பாம்பு. எலி தின்று பிழைக்கிற சாரை. நான் அதைப் பார்த்தேன், உன்னைப் பார்த்தேன். நீ வியர்வையோடு, எதையோ சரிசெய்துவிட்டவன் மாதிரி நின்றாய். "ஆமாங்க, இதுதான்" என்றேன்.

காலில் கொப்புளம் கருத்து உரிந்து, ஆடுசதையில் ஒரு கைப்பிடி போயே போய்விட்டது. நாலு மாதம் நீதான் புண்ணைத் துடைத்துக் கட்டினாய். பெற்ற பிள்ளை முன்னால் காலை நீட்டிப் படுத்திருக்க எனக்குக் கூச்சமாக இருந்தது, சுகமாகவும் இருந்தது. அதை மறைத்து என்ன? அந்த நாட்களில்தான் புனேயிலிருந்து முதல் தடவை வேலைக்கு ஆர்டர் வந்தது. போகவில்லை என்று நீ எழுதிப் போட்டுவிட்டாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் நீ பஞ்சை எடுக்கும்போது இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று நினைப்பேன். சொன்னால் உன் கை அப்படியே நின்றுவிடுமோ என்று பயம். விஷம் மூளைக்கும் ஏறியிருக்கும், அதனால்தான் பொய் சொன்னேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டதும் உண்டு. அந்த நாட்களில் உப்பு எது, சர்க்கரை எது என்பதே குழம்பும். தரையில் நெளிந்து கிடக்கிற தண்ணீர்க் குழாயைக் கண்டால் பாம்பென்று அலறுவேன். அந்தக் குழப்பமெல்லாம் ஒரு வருஷத்தில் தீர்ந்தது. பொய் மட்டும் இருந்தது.

அம்மா என்றால் புத்தி சொல்லாமல் கடிதம் முடிக்க மாட்டாள் என்று நீ சிரிப்பாய். நீ அங்கே மலைப் பக்கமெல்லாம் நண்பர்களோடு நடக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். போ. எங்கே போகிறாய் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போ. ஏதாவது கடித்தால் ஓடாதே, காலை அசைக்காதே, கிடைத்த வண்டியில் ஏறு, உடம்பில் என்ன உடுத்தியிருக்கிறாய் என்று பார்க்காதே, டாக்டர் கேட்டால் உள்ளது உள்ளபடி சொல். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்த புத்திமதி. இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதுதான் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நாளைக்கு உனக்கும் ஒருத்தி வருவாள். அவள் உனக்குத் தெரியாமல் எதையாவது செய்துகொண்டிருந்தால், அது திருட்டாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பஸ்ஸில் மெதுவாகச் சொன்ன ஒரு வார்த்தை அதற்குக் காரணமாகவும் இருக்கலாம். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதுமா, அல்லது கேட்க வேண்டுமா, கேட்டால் அவள் சொல்வாளா? எனக்குத் தெளிவில்லை. நீயே யோசி.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. உங்கப்பா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு டிவியை நிறுத்தினார். உனக்கு எழுதியதையெல்லாம் சொன்னேன். இதைவிடக் குறைந்த வார்த்தையில், இதைவிடத் தடுமாறிச் சொன்னேன். முடிந்த பிறகு, "ராஜண்ணாவை நான் என்னென்ன பேசினேன்னு உனக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியுமுங்க. ஜன்னல்ல கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

"கேட்டுட்டு சும்மா படுத்திருந்தே."

"ஆமாங்க."

எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மதிலுக்கு மேலே அவர் தலை ராஜண்ணா வீட்டுக் கேட் வரைக்கும் போவது தெரிந்தது. ராஜண்ணா வந்தார், கேட்டைத் திறக்கவில்லை. கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருவரும் நின்று பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. நடுவில் உங்கப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். அரை மணி கழித்துத் திரும்பி வந்தபோதும் கேட் மூடித்தான் இருந்தது. கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நான் பரிமாறினேன். பாதிச் சோற்றில், நிமிர்ந்து பார்க்காமல், "சேலை மாத்தணும்னு அந்தக் காலோட ஓடி வந்தியே..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு, "எனக்குப் பயந்துகிட்டா?" என்றார்.

"இல்லீங்க" என்று உடனே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது நிஜமா என்று யோசித்தேன். உங்கப்பா ஒரு நாளும் என்மேல் கை வைத்தவரில்லை. அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்திருந்தால்கூட முதலில் காலைத்தான் பார்த்திருப்பார். இது எனக்கு அன்றைக்கும் தெரியும்.

"பின்னே யாருக்கு?" என்றார்.

ஹனூருக்கா, கம்பெனிக்கா, நம் தெருவுக்கா, உனக்கா என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். "தெரியலீங்க" என்றேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். தட்டில் கையை வைத்தபடியே அவரும் யோசிக்க ஆரம்பித்தார். சோறு காய்ந்துபோயிற்று. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரே கேள்விக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து விடை தெரியாமல் உட்கார்ந்திருந்தது நேற்றுதான்.

அம்மா